கரி பூசிய முகமும் மெழுகில் பதிந்த குரலும்

வானொலியும் பேசும் படமும் வருவதற்கு முன், ஏறத்தாழ 1880களிலிருந்து 1920களின் இறுதி வரையில், அமெரிக்க நகரங்களில் நடுத்தர மக்களும் தொழிலாளரும் மாலைப்பொழுதைக் கழிக்கச் சென்ற இடம் வாடெவில் அரங்கு. வாடெவில் என்பது நாடகமும் அன்று, கச்சேரியும் அன்று. பாட்டு, ஆட்டம், வித்தை, விகடம், பழக்கிய நாய்களின் வேடிக்கை என ஒன்றோடொன்று தொடர்பில்லாத பல உருப்படிகளைக் கதம்பமாகக் கட்டி ஒரே நுழைவுச்சீட்டுக்கு வழங்கிய மேடை வணிகம். ஓர் உருப்படிக்குக் கிடைப்பது பத்து நிமிடமோ கால் மணி நேரமோதான். அதற்குள் சபையைச் சிரிக்க வைக்க இயலாத விகடக் கலைஞருக்கு அந்த வட்டாரத்தில் மறுபடி அழைப்பு வருவது அரிது. இவ்வாறு ஊர் ஊராகச் சுற்றிக் கூர் தீட்டப்பட்ட நகைச்சுவையை, அதே காலத்தில் புதிதாகப் பிறந்திருந்த ஒலிப்பதிவுத் தொழில் தனக்கேற்ற சரக்காகக் கண்டுகொண்டது. முழுநீளக் கச்சேரியை அக்காலத்து மெழுகு உருளையோ இசைத்தட்டோ தாங்காது. மூன்று நிமிடத்துக்குள் முடிந்துவிடும் விகடப் பாட்டோ அதற்கென்றே அளவெடுத்துத் தைத்ததுபோல் அமைந்திருந்தது.

அந்தத் தலைமுறையில் தட்டில் குரல் பதித்த விகடக் கலைஞர்கள் பலராயினும், இன்றைய செவிக்கும் பழமை தட்டாமல் கேட்கத்தக்கவர் என்று ஒருவரைச் சொல்ல வேண்டுமானால் அவர் பெர்ட் வில்லியம்ஸ். கறுப்பினத்தவரான அவர், கறுப்பரை ஏளனம் செய்வதற்காக வெள்ளையர் உருவாக்கிய ஒப்பனையைத் தம் முகத்திலேயே பூசிக்கொண்டு மேடையேறி, நாட்டின் முதல்வரிசை நகைச்சுவையாளராக உயர்ந்தார். மேடையைக் கண்டவர்கள் அந்தக் கரிய முகத்தைக் கண்டார்கள். தட்டைக் கேட்டவர்களுக்கோ முகம் இல்லை, குரல் மட்டுமே உண்டு. அந்தக் குரலும் ஒருவகை ஒப்பனையே என்பதுதான் அவருடைய ஒலிப்பதிவுகளை எளிதில் எடைபோட முடியாதவையாக ஆக்குகிறது.

எக்பர்ட் ஆஸ்டின் வில்லியம்ஸ் 1874 நவம்பர் 12 அன்று பஹாமாஸ் தீவுகளின் தலைநகரான நாசோவில் பிறந்தார். அவர் சிறுவனாக இருந்தபோதே குடும்பம் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்து, சில காலம் ஃபுளோரிடாவிலும் பின்னர் கலிபோர்னியாவின் ரிவர்சைடு நகரிலும் வாழ்ந்தது. அமெரிக்கத் தென்மாநிலங்களின் அடிமை வாழ்வையோ அங்கு உருவான கறுப்பர் வழக்குமொழியையோ அவர் வீட்டில் கற்றவர் அல்லர் என்பது கவனிக்கத்தக்கது. அந்த மொழி தமக்கு இத்தாலியரின் ஆங்கிலத்தைப்போலவே அயல்மொழியாக இருந்தது என்றும், அதை வெளியார் ஒருவர் கற்பதுபோலக் காதால் கேட்டுப் பயின்றதாகவும் அவரே பிற்காலத்தில் எழுதினார்.

1893இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் ஜார்ஜ் வாக்கர் என்ற இளைஞரை அவர் சந்தித்தார். இருவரும் இணைந்து நடத்திய உருப்படியில் முதலில் வாக்கர் கோமாளியாகவும் வில்லியம்ஸ் அவருக்கு எடுத்துக்கொடுப்பவராகவும் இருந்தனர். சில காலம் கழித்தே பாத்திரங்கள் இடம் மாறின. வாக்கர் பகட்டான உடையும் மிடுக்கு நடையும் கொண்ட பேச்சுக்காரராகவும், ஆறடிக்கு மேல் உயரமான வில்லியம்ஸ் பொருந்தாத கிழிந்த சட்டையும் பெரிய செருப்புமாகத் தயங்கித் தயங்கி வரும் ஏமாளியாகவும் ஆனபோதுதான் சபை அவர்களைக் கண்டுகொண்டது.

அக்காலத்து அமெரிக்க மேடையில் கறுப்பர் பாத்திரம் என்றாலே வெள்ளையர் தம் முகத்தில் கரி பூசிக்கொண்டு ஆடும் 'மின்ஸ்ட்ரெல்' என்ற கூத்துமரபுதான் நினைவுக்கு வரும். பாட்டில்களை அடைக்கும் தக்கையைக் கருக்கி, அந்தக் கரியை நீரில் குழைத்து முகமெங்கும் தடவி, உதடுகளை மட்டும் வெளிர்நிறத்தில் அகலமாக வரைந்துகொள்வது அதன் ஒப்பனை. அந்த மரபிலிருந்து கிளைத்த விகடப் பாட்டுகளுக்குக் 'கூன் பாட்டு' என்று பெயர். ரக்கூன் என்ற விலங்கின் பெயரைக் குறுக்கிக் கறுப்பரை இழித்துரைக்கப் பயன்படுத்திய சொல் அது. வெள்ளை நடிகர்கள் கரி பூசிக்கொண்டு தம்மை அப்பெயரால் விளம்பரப்படுத்தியதைக் கண்ட வில்லியம்ஸும் வாக்கரும், 'அசல் கூன்கள் இருவர்' என்று பொருள்படும் தலைப்பைத் தமக்குச் சூட்டிக்கொண்டனர். இழிசொல்லை ஏற்றுக்கொண்டு அதற்குள்ளேயே போலிகளைக் குத்திக்காட்டிய அந்தத் தந்திரத்தைத் துணிவு என்பதா, பிழைப்பு என்பதா? அக்காலத்தில் அவை இரண்டும் ஒன்றுதான் என்று தோன்றுகிறது.

வில்லியம்ஸ் முதன்முதலில் முகத்தில் கரி பூசியது 1890களின் நடுவில், டெட்ராய்ட் நகரத்து வாடெவில் அரங்கு ஒன்றில். வேடிக்கைக்காகப் பூசிப் பார்த்ததாகவும், அன்று பாட்டு எடுத்த எடுப்பில் வென்றது தமக்கே வியப்பாக இருந்ததாகவும், தம்மையே வேறொரு மனிதராகப் பார்க்க முடிந்த பிறகுதான் தமக்குள்ளிருந்த நகைச்சுவை வெளிப்பட்டதாகவும் அவர் கூறியிருக்கிறார். நம் நாட்டுக் கூத்தில் அரிதாரம் பூசிய பிறகு நடிகன் வேறு ஆளாகிவிடுவான் என்று சொல்லும் வழக்கம் உண்டு. வில்லியம்ஸ் சொல்வதும் ஏறத்தாழ அதுவே. ஆனால் கூத்தின் அரிதாரம் அரசனையோ அசுரனையோ ஆக்குவது. இங்கே அரிதாரம் ஆக்கியது, பூசிக்கொண்டவரின் இனத்தையே கேலி செய்யும் உருவத்தை.

1896இல் நியூயார்க்கை அடைந்த இணையர் காஸ்டர் அண்டு பியல் அரங்கில் பெயர் பெற்று, 'கேக்வாக்' என்ற நடனத்தை நகரெங்கும் பரப்பினர். புகழ் பாதுகாப்பைத் தரவில்லை. 1900 ஆகஸ்டில் நியூயார்க்கில் கறுப்பருக்கு எதிராகக் கலவரம் மூண்டபோது, கும்பல் பிரபலமான கறுப்புக் கலைஞர்களின் பெயரைச் சொல்லிக் கூவித் தேடியது. வாக்கர் டிராம் வண்டியிலிருந்து இழுத்துத் தாக்கப்பட்டார்.

அதற்கு அடுத்த ஆண்டு, 1901 அக்டோபரில், புதிதாகத் தொடங்கப்பெற்றிருந்த விக்டர் டாக்கிங் மெஷின் நிறுவனம் இருவரையும் அழைத்து இசைத்தட்டுகள் பதிப்பித்தது. வில்லியம்ஸ் தனியாகப் பாடியவை பல. வாக்கர் சேர்ந்து பாடியவை சில. புகழின் உச்சியிலிருந்த கறுப்பு மேடைக் கலைஞர்கள் ஒரு பெரிய நிறுவனத்தின் தட்டுகளில் இடம்பெற்றது அதற்கு முன் நிகழாதது. ஆயினும் ஒலிப்பதிவில் முதல் கறுப்பர் குரல் அவர்களுடையது அன்று. அடிமைக் காலத்து வர்ஜீனியாவில் பிறந்து, நியூயார்க்கின் தெருக்களில் சீழ்க்கையடித்துக் காசு பெற்றுவந்த ஜார்ஜ் டபிள்யூ. ஜான்சன் என்பவர் 1890ஆம் ஆண்டிலேயே மெழுகு உருளைகளில் பாடத் தொடங்கிவிட்டார். உருளையைப் பெருமளவில் படியெடுக்கும் முறை அப்போது இல்லாததால், மூன்று நான்கு கருவிகளை எதிரே நிறுத்திக்கொண்டு, அவர் தம் 'சிரிப்புப் பாட்டை'ப் பாடி, குறித்த இடத்தில் குறித்த அளவுக்குச் சிரித்து, உருளைகளை மாற்றிய பின் மீண்டும் முதலிலிருந்து பாடிச் சிரிக்க வேண்டும். ஒரே நாளில் பல பத்து முறை இவ்வாறு சிரித்தே கூலி வாங்கினார். அந்தச் சிரிப்புப் பாட்டு வகை பலராலும் எடுத்தாளப்பட்டுக் கடல் கடந்தது. பர்ட் ஷெப்பர்டு என்ற அமெரிக்க விகடக் கலைஞர் பதித்த சிரிப்புத் தட்டை இந்தியக் கடைவீதிகளில் கிராமபோனைச் சுற்றிக் குந்தியிருந்து மக்கள் குலுங்கிச் சிரித்துக் கேட்டதைத் தாம் கண்டதாக, 1902இல் கல்கத்தாவுக்கு வந்து பாடகி கௌஹர் ஜானின் குரலைப் பதிவுசெய்த ஃபிரெட் கைஸ்பர்க் தம் நினைவுக்குறிப்பில் எழுதியிருக்கிறார். மொழி தெரியாதவரையும் சிரிக்க வைத்தது சிரிப்பின் ஒலி.

வில்லியம்ஸ் பதித்த முறையைச் சிறிது விளக்கினால்தான் அவர் செய்ததன் அருமை விளங்கும். மைக்கைக் கொண்டு மின்சாரத்தால் ஒலியைப் பதியும் முறை 1925இல்தான் வணிகத்துக்கு வந்தது. 1922இல் இறந்த வில்லியம்ஸ் அதைக் காணவேயில்லை. அவர் பாடிய ஒவ்வொரு பாட்டும் ஒரு தகரக் குழலின் வாய்க்குள் பாடப்பட்டதே. அகன்ற வாயில் நுழையும் ஒலியலைகள் குழலின் ஒடுங்கிய முனையிலுள்ள மெல்லிய சவ்வைத் தட்ட, சவ்வோடு பிணைந்த ஊசி, சுழலும் தடித்த மெழுகுத் தட்டில் அந்த அதிர்வை நெளிகோடாகக் கீறும். மெழுகுத் தட்டின்மேல் மின்னாற்பகுப்பு முறையில் உலோகத்தைப் படியவைத்து அச்சு எடுத்து, அந்த அச்சால் விற்பனைத் தட்டுகளை அழுத்தி எடுப்பார்கள். அவ்விற்பனைத் தட்டின் சேர்மானத்தில் பிடிமானப் பொருளாக இருந்தது அரக்கு. உலகத்துக்கு அந்த அரக்கின் பெரும்பகுதியை அனுப்பியது இந்தியா. ஆகவே அவருடைய தட்டுகளின் உடலில் இந்தியக் காட்டு மரங்களின் பூச்சி சுரந்த பிசின் கலந்திருக்க வாய்ப்பு மிகுதி.

குழலுக்கு மெல்லிய ஒலி கேட்காது. வயலின் மங்கும், டிராம்போன் போன்ற ஊதுகருவிகள் எடுபடும். ஆகையால் அக்காலப் பாடகர் பெரும்பாலோர் உரத்த குரலில் ஒவ்வோர் எழுத்தையும் அறைந்து பாடினார்கள். ஒரு தவறு நேர்ந்தால் மெழுகு வீணாகும், மறுபடியும் முதலிலிருந்து பாட வேண்டும். விகடக் கலைஞருக்கு இதைவிடப் பெரிய இடையூறு, எதிரே சபை இல்லாமை. மேடையில் சிரிப்பு எழுந்து தணியும் வரை காத்திருந்து அடுத்த சொல்லை எடுப்பதுதான் விகடத்தின் தாளம்; குழலோ சிரிக்காது. தட்டு சுழன்றுகொண்டேயிருக்கும், பேசாமல் நிற்கும் நொடிக்கும் மெழுகில் இடம் செலவாகும். எனவே பலரும் மூச்சுவிடாமல் ஓட்டினார்கள். வில்லியம்ஸ் மட்டும் அந்தச் சிக்கனத்தைப் பொருட்படுத்தாமல், காலியாக விடப்பட்ட நொடியையே நகைச்சுவையின் கருவியாக்கினார்.

தட்டுகளுக்கும் மேடைப் புகழுக்கும் இடையே அவருடைய வாழ்வில் பெரும் வெற்றியொன்று நிகழ்ந்தது. வில் மரியன் குக் இசையமைக்க, கவிஞர் பால் லாரன்ஸ் டன்பர் பாட்டெழுத, ஜெஸ்ஸி ஷிப் கதை எழுத, 1903 பிப்ரவரி 18 அன்று நியூயார்க் தியேட்டரில் 'இன் தஹோமி' என்ற இசை நாடகம் அரங்கேறியது. எழுதியவரும் ஆடியவரும் கறுப்பராகவே இருந்த முழுநீள நாடகம் பிராட்வேயின் பெரிய அரங்கொன்றில் நடந்தது அதுவே முதன்முறை. அவ்வாண்டு மே மாதம் லண்டனுக்குச் சென்ற குழு, ஜூன் 23 அன்று, அரசரின் பேரன் எட்வர்டின் ஒன்பதாவது பிறந்தநாளுக்காக, பக்கிங்ஹாம் அரண்மனையில் ஆடிக் காட்டியது. அந்நாடகத்தில் தம்மை ஒரு யோனா என்று சொல்லிக்கொண்டு வில்லியம்ஸ் பாடிய ஒரு பாட்டால் அவருடைய நிலையான பாத்திரம் உறுதிப்பட்டது. விவிலியத்தில் யோனா ஏறிய கப்பலைப் புயல் தாக்கியதால், கூட இருப்பவருக்கும் கேடு கொண்டுவருபவனை ஆங்கிலத்தில் யோனா என்பார்கள். தமிழில் சொல்வதானால் அதிர்ஷ்டக்கட்டை. வானத்திலிருந்து சூப்பு மழையாகக் கொட்டினாலும், தம் பாத்திரத்தின் கையில் அப்போது பார்த்துக் கரண்டி இராது, முள்கரண்டிதான் இருக்கும் என்று வில்லியம்ஸ் அவனை விளக்கினார். துன்பத்தைப் பொதுவாகப் பேசினால் சிரிப்பு வராது, ஒரு தனி ஆள்மேல் ஏற்றினால்தான் வரும். அந்த ஆளும் பாடுபவனாகவே இருக்க வேண்டும் என்பது அவருடைய கொள்கை.

இந்தக் கொள்கையின் முழு வடிவம் 1905இல் வந்த 'நோபடி' என்ற பாட்டு. தலைப்புக்கு 'ஒருவருமில்லை' என்று பொருள். சொற்கள் அலெக்ஸ் ராஜர்ஸுடையவை, மெட்டு வில்லியம்ஸுடையது. தன் இடர்களில் தனக்கு உதவியவர் யார் என்று ஒருவன் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டு, ஒவ்வொரு முறையும் அந்த ஒற்றைச் சொல்லையே விடையாகச் சொல்வதே பாட்டின் கட்டுமானம். மேடையில் இதைப் பாட வரும்போது திரையின் ஓரத்தில் முதலில் கையுறை அணிந்த ஒரு கை மட்டும் தெரியும். பிறகு தோள், பிறகு வர மனமில்லாத உடல். வந்து நின்றவர் சட்டைப்பையிலிருந்து கசங்கிய சிறு குறிப்பேட்டை எடுத்து, பாட்டைத் தேடுபவர்போல் பக்கம் பக்கமாகப் புரட்டுவார். பாட்டுத் தொடங்கும் முன்பே சபை பாதி வீழ்ந்திருக்கும்.

தட்டில் இந்தக் கையும் இல்லை, குறிப்பேடும் இல்லை. 1906இல் கொலம்பியா நிறுவனத்துக்காக அவர் பதித்த 'நோபடி'யில் இருப்பது ஒரு குரலும் சிறு இசைக்குழுவும் அதனுள் முனகிக்கொண்டு வழுக்கியிறங்கும் ஒரு டிராம்போனும்தான். கண்ணிகளை அவர் பாடுவதேயில்லை; மெட்டின் ஓரத்தில் நின்று பேசுகிறார். கேள்வியைக் களைத்த குரலில் இழுத்துச் செல்கிறார். முடிவில் சற்றே நிறுத்துகிறார். கேட்பவர் விடையை முன்கூட்டியே அறிவார், எனினும் அது வரும் வரை காத்திருக்க நேர்கிறது. பிறகு அந்த ஒரு சொல், தாழ்ந்த குரலில், குறைகூறும் தொனி துளியும் இல்லாமல், ஒரு கணக்கை முடித்து வைப்பதுபோல் விழுகிறது. பல்லவியில்தான் குரல் எழுந்து பாடுகிறது; அங்கும் சினம் முழுதும் வெளிவராமல் தொண்டையோடு நின்றுவிடுகிறது. சுற்றிலும் கூவிப் பாடியவர்களின் உலகில் இவ்வளவு அடங்கிய நகைச்சுவை தட்டில் ஏறியது வியப்புக்குரியது.

இந்தப் பாட்டை அவருக்கு முன்பே, 1905இல், ஆர்தர் காலின்ஸ் என்ற வெள்ளைப் பாடகர் எடிசன் உருளையில் பாடிவிட்டார் என்பது அக்காலச் சந்தையின் இயல்பைக் காட்டும். கறுப்பர் வழக்குமொழியைப் போலி செய்து பாடுவதே காலின்ஸின் தொழில். பாட்டை உண்டாக்கியவர் தம் பாட்டையே பின்னால் வந்து பதிக்க வேண்டியிருந்தது. ஆனாலும் இன்று 'நோபடி' என்றால் நினைக்கப்படுபவர் வில்லியம்ஸே. கொலம்பியா 1913இல் அதை மீண்டும் அவரைக்கொண்டு பதிக்கும் அளவுக்கு அதற்கு வரவேற்பு நீடித்தது. அந்த வரவேற்பே அவருக்குச் சுமையாகவும் ஆயிற்று. எந்த ஊரில் எதைப் பாடினாலும் சபை இதையே கேட்டுக் கூவியதால், இதற்கு ஈடான வேறொன்றை ஆண்டுக்கணக்கில் தேடிச் சலித்ததாகவும், பாட்டை எழுதியவரும் மெட்டமைத்தவரும் அன்றே நீரில் மூழ்கித் தொலைந்திருக்கலாம் என்று நினைத்ததாகவும் 1918இல் ஓர் இதழ்க் கட்டுரையில் அவர் எழுதினார். மெட்டமைத்தவர் தாமே என்பதை வாசகர் அறிவார்கள் என்ற நம்பிக்கையில் எழுதிய வரி அது.

குரலும் ஒப்பனையே என்று முன்னர்க் கூறியதை இங்கே மீண்டும் எண்ணிப் பார்க்கலாம். தட்டில் கரி இல்லாவிட்டாலும், பஹாமாஸில் பிறந்தவர் பயின்று பேசிய தென்மாநில வழக்கு இருக்கிறது. கரியைப்போலவே அதுவும் வாங்குவோரின் எதிர்பார்ப்புக்காக அணியப்பட்டது. 1901இன் விக்டர் தட்டுகளில் பல, தலைப்பிலேயே இழிசொல்லைத் தாங்கியவை; இன்று அவற்றைக் கூசாமல் கேட்க முடியாது. 'நோபடி'யிலோ அந்தப் போர்வை மெலிந்து, இனம் எதுவாயினும் கைவிடப்பட்ட மனிதன் ஒருவனே எஞ்சி நிற்கிறான். 2000ஆம் ஆண்டில் ஜானி கேஷ் என்ற வெள்ளைப் பாடகர் இப்பாட்டைத் தம் முதுமைக் குரலில், யாருடைய வழக்கையும் போலி செய்யாமல் பாடிப் பதித்தபோது, சொற்களில் எதுவும் உறுத்தவில்லை.

வாக்கர் 1909இல் நோயுற்று மேடையை விட்டு விலகி, 1911 ஜனவரியில் இறந்தார். குழுவின் வணிக மூளையாகவும், கறுப்புக் கலைஞர்களின் உரிமைக்குக் குரல் கொடுப்பவராகவும் இருந்தவர் அவரே. தனித்து நின்ற வில்லியம்ஸை 1910இல் ஃபுளோரன்ஸ் சீக்ஃபெல்டு தம் 'ஃபாலிஸ்' என்ற ஆடம்பர மேடைநிகழ்ச்சியில் சேர்த்துக்கொண்டார். வெள்ளையர் மட்டுமே இருந்த அக்குழுவில் சிலர் விலகுவதாக மிரட்டியபோது, மற்ற எவருக்கும் மாற்றாள் கிடைப்பார், இவருக்குக் கிடைக்க மாட்டார் என்று சீக்ஃபெல்டு விடையளித்ததாகச் சொல்வர். இடையில் சில ஆண்டுகள் நீங்கலாக 1919 வரை அவர் அங்கே ஆடினார். 1911ஆம் ஆண்டு நிகழ்ச்சியில், கட்டுமானப் பணி நடந்துகொண்டிருந்த கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையத்தின் உயரமான இரும்பு உத்தரங்களின்மேல், லியான் எரல் என்ற நடிகர் வெளிநாட்டுப் பயணியாகவும் வில்லியம்ஸ் சுமைதூக்கியாகவும் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு நடந்த காட்சி பெரும் பேச்சாயிற்று. கால் தவறி விழும் பயணியைச் சுமைதூக்கி மீண்டும் மீண்டும் கயிற்றைப் பிடித்து இழுத்துக் காப்பாற்றுகிறான். அன்பளிப்பு ஐந்து சென்ட்தான் என்று தெரிந்ததும் கயிறு கையைவிட்டு நழுவுகிறது. வெள்ளையர் நிறைந்த சபை இதற்குச் சிரித்தது என்பதை நினைக்கும்போது, அவர் சிரிப்பின் மறைவில் எவ்வளவு தூரம் சென்றுவிட்டார் என்பது புலப்படும்.

அவருடைய மற்றொரு பெரும் திறன், தட்டுக்கு எட்டாதது. இல்லாத சீட்டுகளை இல்லாத ஆட்டக்காரர்களோடு ஆடித் தோற்கும் ஒரு போக்கர் ஆட்டத்தை, ஒரு சொல்லும் பேசாமல், முகத்தாலும் விரல்களாலும் மட்டுமே அவர் நிகழ்த்திக் காட்டுவார். 1916இல் பயோகிராஃப் நிறுவனம் எடுத்த 'எ நாச்சுரல் பார்ன் கேம்ப்ளர்' என்ற ஊமைப்படத்தில் அது பதிவாகியிருக்கிறது. அதற்கு முன் 1913இல் கறுப்பு நடிகர்களைக் கொண்டு எடுக்கப்பட்டு முடிவுறாமல் கிடந்த மற்றொரு படத்தின் சுருள்களை நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் காத்துவைத்திருந்து, 2014இல் தொகுத்துத் திரையிட்டது. அதில் உடன் நடித்தவர்கள் தம் இயல்பான முகத்தோடு இருக்க, வில்லியம்ஸ் கரிப்பூச்சோடு தோன்றுகிறார். இவ்வாறு அவருடைய கலை இரு பாதிகளாக எஞ்சியுள்ளது. தட்டில் உடல் இல்லை, படத்தில் குரல் இல்லை. இரண்டும் சேர்ந்த பெர்ட் வில்லியம்ஸை அரங்கில் அமர்ந்து கண்ட தலைமுறையோடு அவர் மறைந்துவிட்டார்.

பிற்காலத் தட்டுகளில் அவர் காலத்தின் நாடியைப் பிடித்தார். 1920 ஜனவரியில் மதுவிலக்கு நடைமுறைக்கு வந்தபோது, நிலவறையில் சரக்கு வைத்திருப்பவன் வீட்டுச் சாவிக்கு அலையும் அண்டை அயலாரையும், நிலவொளியில் திருட்டுத்தனமாகக் காய்ச்சுபவரையும் பற்றிய அவருடைய பாட்டுகள் கொலம்பியா பட்டியலில் இடம்பெற்றன. 1919இல் பன்னிரண்டு அங்குலத் தட்டின் இரு பக்கங்களிலும் 'எல்டர் ஈட்மோர்' என்ற பாதிரியாரின் இரண்டு பிரசங்கங்களைப் பதித்தார். சபையாரிடம் ஈகையை வலியுறுத்திப் பேசும் பாதிரியாரின் உருக்கம், தம் வீட்டு அடுப்படியின் வெறுமையை நோக்கி மெல்ல மெல்லத் திரும்புவதே அவற்றுள் ஒன்றிலுள்ள வேடிக்கை. கறுப்பர் இசைத்தட்டுகளைக் கறுப்பர் கடைகளுக்கென்று தனிப் பட்டியலிட்டு விற்கும் முறை, 1920இல் மேமி ஸ்மித்தின் பாட்டு வென்ற பின் தோன்றியது. வில்லியம்ஸின் தட்டுகளோ தொடக்கமுதலே பொதுப் பட்டியலில் இருந்து, வெள்ளையர் வீட்டுக் கூடங்களிலும் சுழன்றன.

அந்தக் கூடங்களுக்குள் தட்டு நுழைந்த அளவுக்கு அவர் நுழைய முடியவில்லை. அவரோடு ஃபாலிஸில் ஆடிய எடி கேன்டர், விடுதிகளில் வில்லியம்ஸ் பின்புற மின்தூக்கியில்தான் ஏற வேண்டியிருந்ததை நினைவுகூர்ந்து, சற்றுமுன் கேட்ட கைதட்டல் காதில் ஒலிக்காமலிருந்தால் அது அவ்வளவு உறைக்காது என்று அவர் தம்மிடம் சொன்னதாகப் பதிந்திருக்கிறார். கறுப்பராக இருப்பது இழிவு அன்று, ஆனால் அமெரிக்காவில் அது வசதிக்குறைவாகவே இருக்கிறது என்று வில்லியம்ஸ் எழுதினார். கறுப்பினத் தலைவர் புக்கர் டி. வாஷிங்டன், தாம் போராடிப் பெற்றதை வில்லியம்ஸ் புன்னகையாலேயே பெற்றுவிட்டார் என்று பாராட்டினார். கரியைக் கடைசிவரை கழுவ மறுத்தது பிழை என்று குறைகூறியவர்களும் அதே சமூகத்தில் இருந்தனர். இருசாராருக்கும் காரணம் உண்டு. உலகப் போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் இளைய கலைஞர்கள் கரியில்லாமல் மேடையேறத் தொடங்கிய பிறகும் அவர் அதைக் கைவிடவில்லை என்பதால், குறைகூறியவர் பக்கம் சற்றுக் கனமாகவே இருக்கிறது.

1922 பிப்ரவரி இறுதியில், 'அண்டர் த பாம்பூ ட்ரீ' என்ற நாடகத்தை நிமோனியாக் காய்ச்சலோடு டெட்ராய்டில் ஆடிக்கொண்டிருந்தபோது அவர் மேடையில் சரிந்தார். விழுந்ததும் வேடிக்கையின் பகுதியென்று கருதிச் சபை சிரித்தது. முதன்முதலில் முகத்தில் கரி பூசிய அதே நகரில் அவருடைய மேடை வாழ்வு முடிந்தது. நியூயார்க்குக்குக் கொண்டுசெல்லப்பட்ட அவர் மார்ச் 4 அன்று 47ஆம் வயதில் இறந்து, பிராங்க்ஸ் பகுதியிலுள்ள உட்லான் கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டார்.

டியூக் எலிங்டன் 1940இல் அவர் நினைவாக ஓர் இசைக்கோவை இயற்றினார். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கா கட்டிய சரக்குக் கப்பல் ஒன்று அவர் பெயரைத் தாங்கியது. கிடைத்த பதிவுகள் அனைத்தும் ஆர்க்கியோஃபோன் நிறுவனத்தால் மூன்று குறுந்தகடுகளாக வெளியிடப்பட்டுள்ளன. 1923க்கு முன் வெளியான ஒலிப்பதிவுகள் யாவும் அமெரிக்கச் சட்டப்படி 2022 ஜனவரி 1 அன்று பொதுவுடைமையாயின; 1901 முதல் 1922 வரை வெளியான அவருடைய தட்டுகள் அனைத்தும் அவற்றுள் அடங்கும் என்பதால், 'நோபடி'யை இப்போது எவரும் எவரிடமும் அனுமதி கேளாமல் கேட்கலாம், படியெடுக்கலாம், பிறருக்கும் கொடுக்கலாம்.